தையல் பிரித்த பிறகு

துப்பாக்கிக் குண்டை எடுத்து, தையல் போட்டு, உயிரைக் காப்பாற்றிவிட்டால் மருத்துவரின் வேலை முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? அமெரிக்காவின் பெருநகரங்களில் அது பாதி வேலைதான். டெட்ராய்ட் நகர மருத்துவர்கள் 1989ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, வன்முறைக் காயத்தை அடிக்கடி திரும்பிவரும் நாள்பட்ட நோய் என்றே குறிப்பிட்டது. அவர்கள் தொடர்ந்து கவனித்த நோயாளிகளில் 44 விழுக்காட்டினர் மறுபடியும் காயம்பட்டனர். ஐந்தாண்டுக்குள் 20 விழுக்காட்டினர் இறந்தே போயினர்.

காரணத்தை ஊகிப்பது கடினமன்று. வீடு திரும்பும் ஆடவர் போய்ச் சேர்வது அதே தெரு. சுட்டவனும் பெரும்பாலும் அக்கம்பக்கத்தில்தான் இருப்பான். நண்பர்கள் பழிவாங்கச் சொல்லி உசுப்பிவிடுவார்கள். பயத்தில் இவரே துப்பாக்கி ஒன்றை இடுப்பில் செருகிக்கொள்வதும் உண்டு. பழைய வழக்கு இருந்தால் வேலையும் எளிதில் கிடைக்காது.

அந்தப் பழைய வழக்கைச் சற்று உற்றுப் பாருங்கள். சிகாகோவில் ஒரே குற்றத்துக்காகச் சேர்ந்து கைதானவர்களை ஆய்வாளர்கள் கோடு போட்டு இணைத்தார்கள். 138,163 பேர் கொண்ட மாபெரும் வலை ஒன்று கிடைத்தது. 2006 முதல் 2014 வரை அந்த வலைக்குள் நடந்த 11,123 துப்பாக்கிச்சூட்டுச் சம்பவங்களில் 63 விழுக்காடு, சளிக்காய்ச்சல்போல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றியவை என்கிறது அவர்களின் கணக்கு. கூட்டாளி சுடப்பட்டு சராசரியாக 125 நாள்களில் இவர்மீதும் குண்டு பாய்கிறது. நான்கு மாதம்! ஒருவரை எச்சரித்துக் காப்பாற்ற அது போதுமான அவகாசம். (கைதானவர் எல்லாரும் குற்றவாளி அல்லர் என்பதும் நினைவிருக்கட்டும்.)

“குற்றப் பின்னணி உள்ளவர்தானே” என்று முகம் சுளிப்பவர்கள் இந்த அவகாசத்தைத்தான் வீணாக்குகிறார்கள். பால்டிமோர் அறுவை மருத்துவர் கார்னல் கூப்பர் வீணாக்கவில்லை. காயம்பட்டவர் கட்டிலில் இருக்கும்போதே சமூக ஊழியர்கள் அவரைச் சந்திக்கும் திட்டத்தை 1998ல் தொடங்கினார். வேலை தேட, போதைப் பழக்கத்திலிருந்து மீள, வழக்குச் சிக்கல்களைச் சமாளிக்க ஊழியர்கள் துணைநின்றனர். வீடு திரும்பிய பிறகும் விடவில்லை.

இத்திட்டத்தைச் சோதித்த ஆய்வு 2006ல் வெளிவந்தது. அதில் 100 பேர்; எல்லாரும் முன்பே வன்முறைக்கு ஆளாகி மருத்துவமனை கண்டவர்கள், நன்னடத்தைக் கண்காணிப்பிலோ நிபந்தனை விடுதலையிலோ இருந்தவர்கள். உதவி கிடைக்காதவர்களில் 36 விழுக்காட்டினர் மீண்டும் காயத்தோடு மருத்துவமனைக்கு வந்தனர். உதவி பெற்றவர்களில் 5 விழுக்காட்டினர் மட்டுமே.

நூறு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் இன்று அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் அதே வழியில் கட்டிலருகே ஊழியர்களை அனுப்புகின்றன.