கையுறை கொடுத்தோம் என்கிறார்கள்!

"கையுறைதான் கொடுத்திருக்கிறோமே, இன்னும் என்ன குறை?" ரசாயனம் புழங்கும் ஆலையிலே தொழிலாளி வாய் திறந்தால், நிர்வாகம் சொல்லும் பதில் இது.

கொடுத்தார்கள், சரி. எந்தத் திரவத்துக்கு? எத்தனை நிமிடத்துக்கு? கேட்டோமா தோழர்களே?

அமெரிக்காவிலே, டார்ட்மவுத் கல்லூரியிலே, காரன் வெட்டர்ஹான் என்றொரு ரசாயனப் பேராசிரியை. நச்சு உலோகங்களை ஆராய்வதே அவர் வேலை. 1996 ஆகஸ்டு 14 அன்று, டைமெதில் பாதரசம் என்ற திரவம் ஓரிரு துளி அவர் கையுறைமீது சிந்தியது. லேடெக்ஸ் ரப்பர் உறை. கிழியவில்லை, ஓட்டையும் இல்லை. சில மாதங்களில் நடை தள்ளாடிற்று, பேச்சுக் குழறிற்று. 1997 ஜூன் 8 அன்று மறைந்தார். வயது 48.

பிறகுதான் அந்த ரக உறையைச் சோதித்தார்கள். 15 விநாடிக்குள் நஞ்சு மறுபுறம் வந்துவிட்டது! உயிர் போனபின் நடந்த சோதனை!

சோதனை ஒன்றும் மந்திரமல்ல. உறையிலே ஒரு துண்டு வெட்டி, இரு சிறு அறைகளுக்கு நடுவே தடுப்பாக வைப்பார்கள். ஒரு பக்கம் திரவம். மறுபக்கம் சுத்தமான காற்றோ நீரோ. திரவம் ரப்பரிலே கரைந்து, ஊர்ந்து, மறுபுறம் தலைகாட்ட எத்தனை நிமிடம்? அந்தக் கணக்குதான் உறையின் யோக்கியதை. ஐரோப்பியத் தரப்படி, பட்டியலில் உள்ள 18 ரசாயனங்களில் ஆறையாவது 30 நிமிடம் தடுத்தால்தான் முதல் வகுப்பு.

எல்லாவற்றையும் தடுக்கும் உறை எதுவும் இல்லை. நைட்ரைல் உறை எண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் ஈடுகொடுக்கும். அசிட்டோனிடம் விரைவில் தோற்கும். பியூட்டைல் உறை அசிட்டோனை மணிக்கணக்கில் தடுக்கும், பெட்ரோலிடம் தோற்கும். வழக்கமான சோதனை சுமார் 23 டிகிரியிலே நடக்கிறது. வியர்க்கும் கையின் சூட்டிலே, கொதிக்கும் கொட்டகையிலே, அந்த நிமிடங்களும் குறையும். ஊறிய உறையைக் கழுவி மறுநாள் மாட்டினால், உள்ளே புகுந்தது தொடர்ந்து ஊரும்.

ஆகவே தோழர்களே, "உறை கொடு" என்று கேட்டால் போதாது. "இந்தத் திரவத்துக்கு இந்த உறை, இத்தனை நிமிடம்" என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். நேரம் முடிந்ததும் புது உறை கேளுங்கள். சங்கக் கூட்டத்திலே கேளுங்கள். பேச்சுவார்த்தை மேசையிலே கேளுங்கள்.

கேட்பது சலுகையல்ல. உழைக்கும் கைக்கு உரிய கணக்கு!