திரை கூறும் செய்தி

பள்ளியின் கணிப்பொறி அறையில், பொத்தானை அழுத்திய பின்னும் படம் தோன்றாது, “நோ சிக்னல்” என்னும் இரு சொற்கள் மட்டும் திரையில் தோன்றி மறைதல் உண்டு. அதனைக் கண்ட மாணவர் பலர் திரை கெட்டது என்பர். சிலர், தாம் முன்பு எழுதிவைத்த பாடங்கள் எல்லாம் அழிந்தன என்று கலங்குவர். இவ்விரு கருத்தும் பொருந்தா. எழுதியவை தங்கியிருப்பது பெட்டியினுள் உள்ள சேமிப்பகத்திலேயன்றித் திரையில் அன்று. திரை காட்டும் கருவியே, காக்கும் கருவியன்று. மேலும், முற்றும் கெட்ட திரை எதனையும் எழுதிக் காட்டாது. தனக்குக் குறியலை வரவில்லை என்று அறிவிக்கும் திரைக்கு மின்சாரம் கிடைக்கின்றது. அதன் உள்விளக்கும் எரிகின்றது. வரவேண்டியது வழியில் எங்கோ நின்றுவிட்டது என்பதே அச்சொற்களின் பொருளாகும். “அவுட் ஆஃப் ரேஞ்ச்” என்று தோன்றுமாயின் அதன் பொருள் வேறு. குறியலை வந்தது, ஆயினும் அதன் அளவு இத்திரைக்கு ஏற்றதன்று என்பது அது.

குறியலை வரும் வழி யாது? பெட்டியில் உருவாகும் படம் மின்குறியலையாகிக் கேபிள் வழியே சென்று, திரையின் பின்புறத்து இணைப்புவாயை அடைகின்றது. இவ்வழியைத் திரையிலிருந்து தொடங்கிப் பெட்டிவரையில் ஒவ்வோர் இடமாக ஆராய்தல் வேண்டும். ஒரே வேளையில் பலவற்றை மாற்றியவனுக்கு, படம் வந்த பின்னும் பிழை எதில் இருந்தது என்பது விளங்காது.

முதற்கண் விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்திப் பார்த்தல் நன்று. கணிப்பொறி உறக்கநிலையில் இருந்திருக்கலாம். அடுத்து, திரைக்கு இரண்டு மூன்று இணைப்புவாய்கள் இருக்குமாயின், அவற்றுள் எதனை நோக்கித் திரை காத்திருக்கின்றது என்பதை அதன் பொத்தான்களால் அறிந்து திருத்துதல் வேண்டும். கேபிள் ஒரு வாயிலும் திரையின் நோக்கம் மற்றொரு வாயிலும் இருப்பின் படம் எங்ஙனம் வரும்?

பெரும்பாலான பிழைகள் கேபிளில் உள்ளவையே. 1987-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட வி.ஜி.ஏ. முறையில் 15 ஊசிகளுக்கு இடம் உண்டு; இருபுறமும் திருகாணிகளும் உண்டு. திருகாணியை இறுக்காது விட்டால், கேபிள் தன் எடையாலேயே ஒருபுறம் சாய்ந்து விலகும். ஊசி ஏதேனும் வளைந்துளதா என்றும் நோக்குதல் வேண்டும். அவற்றுள் ஒன்பதாம் ஊசி இல்லாத கேபிள்கள் பல உள, அது குறையன்று. 2002-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட எச்.டி.எம்.ஐ. முறையில் பொதுவாகத் திருகாணி இல்லை. ஆதலின் மேசையைச் சற்று நகர்த்தினும் அது நழுவக்கூடும்.

அறையைத் தூய்மை செய்த மறுநாள் நேரும் பிழை ஒன்று உண்டு. சில பெட்டிகளில் தாய்ப்பலகையைச் சார்ந்த வாய் ஒன்றும், தனியே செருகப்பட்ட கிராபிக்ஸ் கார்டின் வாய் மற்றொன்றும் இருக்கும். கார்டு உள்ளபோது தாய்ப்பலகையின் வாய் பெரும்பாலும் செயற்படாது. கேபிளைக் கழற்றியவர் மீண்டும் அவ்வாயிலே செருகிவிடின், எல்லாம் நலமாயிருந்தும் திரை இருண்டே கிடக்கும்.

இவையெல்லாம் சரியாயின், பெட்டி இயங்குகின்றதா என்பதை அறிதல் வேண்டும். கேப்ஸ் லாக் விசையை அழுத்துந்தோறும் விசைப்பலகையின் சிறுவிளக்கு எரிந்தும் அணைந்தும் மாறுமாயின், பெட்டி உள்ளே தன் தொழிலைச் செய்துகொண்டிருத்தல் கூடும். மாறாதாயின், அல்லது பெட்டி விட்டுவிட்டு ஒலியெழுப்புமாயின், நினைவகத் தகடு தன் இடத்தில் செவ்வனே பொருந்தாதிருத்தல் கூடும். அதனைக் கழற்றிப் பொருத்துதல் ஆசிரியர் அல்லது வல்லுநர் செய்யத்தக்கது. மின்வடத்தைப் பிடுங்கிய பின்னரே பெட்டியைத் திறத்தல் வேண்டும்.

திரையின் தலையில் கையால் தட்டும் வழக்கமும் சிலரிடம் உண்டு. பழைய வானொலிப் பெட்டியில் தளர்ந்திருந்த வால்வு ஒரோவழி அதனால் சரியாயிற்று. மெல்லிய கண்ணாடித் திரையில் அது விரிசலையே தரும்.

இறுதியாக, நன்கு இயங்கும் வேறொரு கணிப்பொறியில் அத்திரையை இணைத்துப் பார்க்கலாம். அங்கே படம் தோன்றின் திரை குற்றமற்றது. அங்கும் அதே சொற்கள் தோன்றுமாயின், திரையின் இணைப்புவாயே ஐயத்திற்குரியது. ஆயினும் அதன் மூடியை மாணவர் திறத்தல் ஆகாது. மின்சாரம் நின்ற பின்னும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும்.