காய்ச்சல் லூபஸாலா, கிருமியாலா?

லூபஸ் உள்ள பெண்ணுக்கு 102 டிகிரி காய்ச்சல். அவரைப் பார்க்கும் மருத்துவர் முதலில் ஒரு கேள்விக்கு விடை தேடியாக வேண்டும். நோயே மூண்டெழுந்து வந்த காய்ச்சல் என்றால் ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டும். கிருமித்தொற்று என்றால் ஆன்டிபயாடிக் உடனே தொடங்க வேண்டும். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளைச் சில நாள் நிறுத்திவைக்க வேண்டியும் வரலாம். ஒன்றுக்கு உரிய சிகிச்சை இன்னொன்றில் உயிரையே பறித்துவிடலாம். கனடாவின் டொரன்டோவில் மரே யூரோவிட்ஸ் குழு 1976-ல் வெளியிட்ட ஆய்வு, இரண்டும் எவ்வளவு நெருங்கி வரும் என்பதைக் காட்டியது. நோய் தொடங்கிச் சிறிது காலத்திலேயே இறந்தவர்களில் பலரிடம் தீவிர லூபஸோடு கடும் தொற்றும் சேர்ந்தே இருந்தது. லூபஸ் நோயாளிகளின் இறப்புக்குத் தொற்று இன்றும் ஒரு முதன்மைக் காரணம்.

உடலின் எதிர்ப்பாற்றல் தன் உறுப்புகளையே தாக்குவதுதான் லூபஸ். பாதிக்கப்படுவோரில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள். காய்ச்சல், மூட்டுவலி, சோர்வு எல்லாம் தொற்றிலும் வரும், லூபஸிலும் வரும். அதனால்தான் ரத்தத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது.

பழகிப்போன இ.எஸ்.ஆர். பரிசோதனை இங்கே அதிகம் உதவாது. லூபஸில் ரத்தசோகை, சிறுநீரகப் பாதிப்பு, கூடிப்போன எதிர்ப்பொருள்கள் என ஏதாவது ஒன்று அதை எப்போதும் ஏற்றியே வைத்திருக்கும். இ.எஸ்.ஆர். 90 என்று பார்த்துப் பதறும் குடும்பங்கள் உண்டு. அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

சி.ஆர்.பி.யின் கதை வேறு. 1930-ல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் வில்லியம் டில்லெட்டும் தாமஸ் பிரான்சிஸும் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டறிந்த புரதம் இது. உடலில் எங்கே அழற்சி வந்தாலும் கல்லீரல் இதைச் சுரந்து தள்ளும். ஆனால் லூபஸில் ஒரு விந்தை நடக்கிறது. தோலில் தடிப்பு, சிறுநீரகத்தில் அழற்சி என்று நோய் கொதித்துக்கொண்டிருக்கும், சி.ஆர்.பி.யோ பலருக்குச் சற்றே உயர்ந்து நின்றுவிடும். லூபஸில் மிகுந்திருக்கும் முதல் வகை இன்டர்ஃபெரான் என்னும் புரதம், கல்லீரல் செல்கள் சி.ஆர்.பி. சுரப்பதைத் தடுப்பது இதற்கு ஒரு காரணம். அதே நோயாளிக்குப் பாக்டீரியா தொற்று வந்தால் எண் எகிறுகிறது. லிட்டருக்கு 50, 60 மில்லிகிராமைத் தாண்டினால் தொற்று இருக்கிறதா என்று தீவிரமாகத் தேடியாக வேண்டும். விதிவிலக்கும் உண்டு: நுரையீரல் உறையிலோ இதய உறையிலோ லூபஸ் அழற்சி வந்தால், சில நேரம் மூட்டழற்சியிலும், தொற்று இல்லாமலேயே சி.ஆர்.பி. ஏறும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சு வலிக்கிறதா என்று மருத்துவர் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகையும் பாருங்கள். சில லேப்கள் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அச்சிடும். சில, டெசிலிட்டருக்கு இத்தனை என்று அச்சிடும். இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். டெசிலிட்டர் கணக்கில் 6 என்பது லிட்டர் கணக்கில் 60. சின்ன எண் என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

அடுத்தது புரோகால்சிடோனின். சாதாரண நாளில் தைராய்டு சுரப்பியில் மட்டும் உருவாகி, கால்சிடோனின் என்ற ஹார்மோனாக மாறிவிடும். பாக்டீரியா தொற்று வந்தால் உடலின் பல திசுக்களும் இதை உருவாக்கத் தொடங்குகின்றன. பாக்டீரியா தொற்றில் ரத்தத்தில் இதன் அளவு உயர்வதை 1993-ல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் 'லான்செட்' இதழில் அறிவித்தார்கள். தொற்று தொடங்கிச் சில மணி நேரத்திலேயே ஏறும். சிகிச்சை பலித்தால் கிட்டத்தட்ட ஒரு நாளில் பாதியாகக் குறையும். லூபஸ் மட்டும் மூண்டெழும்போது பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராமுக்குள்ளேயே இருந்துவிடும். ஆனாலும் இதை முழுக்க நம்பிவிட முடியாது. லூபஸால் சிறுநீரகம் கெட்டவருக்குத் தொற்று இல்லாமலும் உயர்ந்திருக்கலாம். நம் நாட்டில் மறக்கவே கூடாத காசநோயில் பல நேரம் இது ஏறுவதே இல்லை. ஓரிடத்தில் அடங்கிய சீழ்க்கட்டியும் இதன் கண்ணுக்குத் தப்பிவிடும்.

வெள்ளையணு எண்ணிக்கையிலும் சிக்கல் இருக்கிறது. லூபஸ் அதைக் குறைக்கும், ஸ்டீராய்டு கூட்டும். டெங்குவிலும் வெள்ளையணுவும் தட்டணுவும் சேர்ந்து குறையும். லூபஸிலும் அப்படிக் குறைவதுண்டு. மழைக்காலத்தில் டெங்கு பரிசோதனையைத் தள்ளிப்போடுவதற்கில்லை.

அதனால் மருத்துவர்கள் எண்களைச் சேர்த்தே படிக்கிறார்கள். சி3, சி4 என்னும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் குறைந்து, டி.என்.ஏ.வுக்கு எதிரான எதிர்ப்பொருள் கூடி, சி.ஆர்.பி. அடங்கியிருந்தால் சந்தேகம் லூபஸ் மேல் விழும். காம்ப்ளிமென்ட் குறையாமல் சி.ஆர்.பி.யும் புரோகால்சிடோனினும் ஏறினால் கிருமி மேல். தொற்றே லூபஸைக் கிளறிவிட்டு இரண்டும் ஒன்றாக வரும் நாட்கள்தான் மிகக் கடினமானவை. அப்போதும் கிருமியின் பெயரைச் சொல்லக்கூடியது பிளட் கல்ச்சர் போன்ற நேரடிச் சோதனைகளே. கல்ச்சருக்கான ரத்தத்தை முடிந்தவரை ஆன்டிபயாடிக்கின் முதல் ஊசிக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஊசிக்குப் பிறகு எடுத்தால், ரத்தத்தில் கிருமி இருந்தும் பாட்டிலில் வளராமல் போகலாம்.

நோயாளிகளிடம் நான் வற்புறுத்திக் கேட்பது, உடம்பு நன்றாக இருக்கும் நாட்களின் ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்பதே. எப்போதும் 4-ல் இருக்கும் சி.ஆர்.பி. 40 ஆனதும், எப்போதும் 30-ல் இருப்பது 40 ஆனதும் ஒன்றல்ல. நள்ளிரவில் அவசரப் பிரிவில் முதன்முதலாக உங்களைப் பார்க்கும் இளம் மருத்துவருக்கு அந்த வித்தியாசத்தைக் காட்டப்போவது உங்கள் ஃபைல்தான். காய்ச்சல் என்றதும் ஸ்டீராய்டை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவரின் அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். திடீரென்று மாத்திரையை விட்டால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். 100.4 டிகிரியைத் தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்காமல், ஃபைலையும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.