முள்ளுக்கு மேலே நாலு முழம்

தூத்துக்குடியிலிருந்து டாலஸுக்கு வேலைக்கு வந்து ஆறு மாதமான தம்பி ஒருவர், போன சனிக்கிழமை சாயங்காலம் தூண்டில் ரீலைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. "லேக் ஃபோர்க் போயிருந்தேன் அண்ணே. நல்ல பெரிய பாஸ் மீன். படகு பக்கத்துல வந்து அத்துக்கிட்டுப் போயிடுச்சு. நரம்பு சரியில்ல. எந்த நரம்பு வாங்கணும்னு சொல்லுங்க."

டீயைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு, அறுந்த நுனியை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். அறுந்த நுனி ஓரளவு உண்மையைச் சொல்லிவிடும். பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கியிருக்கிறது என்று அர்த்தம். இவருடையது சுருளவில்லை. கடைசி ஒரு சாண் முழுக்க அரம் ராவியதுபோல் சொரசொரப்பு. லேக் ஃபோர்க் அணையில் தண்ணீர் தேக்கியபோது மூழ்கிய மரங்கள் இன்னும் நிற்கின்றன. அந்தக் கட்டைகளில் காலையிலிருந்து உரசிய நரம்பு அது. புதிதாக எதை வாங்கினாலும் இப்படிக் கவனிக்காமல் விட்டால் இதே கதைதான். ஆனாலும் கேட்டுவிட்டார், முதலில் அதையே சொன்னேன்.

கடைக்குப் போனால் மூன்று சாதி நரம்பு இருக்கும். முதலாவது நைலான் ஒற்றை இழை. ஊரில் நரம்பு என்றும், இலங்கைத் தமிழர் தங்கூசி என்றும் சொல்வது இதைத்தான். 1938இல் டுபான்ட் நிறுவனம் நைலானை அறிவித்தது. அதற்கு முன்பு அமெரிக்கத் தூண்டில்காரர்கள் பட்டு நூலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் மீன்பிடித்து வந்ததும் அதை உலர்த்திப் பாடுபட்டார்கள். நைலான் மலிவு, முடிச்சு நன்றாகப் பிடிக்கும், இழுத்தால் நன்றாக நீளும். இந்த நீட்சியைக் குறை என்று நினைக்க வேண்டாம். மூன்று முனை முள் மாட்டிய மிதக்கும் லூரை, அதாவது போலி இரையை, பாஸ் எகிறிக் கவ்வும்போது, அந்த நெகிழ்வுதான் வாய் கிழியாமல் காப்பாற்றுகிறது. நைலானின் பலவீனம், தண்ணீரை உறிஞ்சும், வெயிலில் நைந்துபோகும்.

இரண்டாவது ஃபுளோரோகார்பன். ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1971இல் கொண்டுவந்தது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, இதற்கு 1.42, நைலானுக்கு 1.5க்கும் மேலே. அதனால் தெளிந்த நீரில் இது நைலானைவிடக் குறைவாகத் தெரியும். "கண்ணுக்கே தெரியாது" என்று பெட்டியில் போட்டிருந்தால் நம்ப வேண்டாம். தண்ணீரைவிட ஒன்றே முக்கால் மடங்கு அடர்த்தி என்பதால் மூழ்கும். ஆழத்தில் புழு விடுவதற்கு ஏற்றது, மிதக்கும் லூருக்கு ஆகாது. உரசலையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும். விறைப்பானது, ரீலில் சுருண்ட சுருளை மறக்காது.

மூன்றாவது பின்னல் நரம்பு. பாலிஎத்திலீன் இழைகளைச் சடைபோல் பின்னியது. மிதக்கும், அநேகமாக நீளாது, கனத்துக்கு மிஞ்சிய வலு. முப்பது பவுண்டு பின்னல், எட்டுப் பத்துப் பவுண்டு நைலான் தடிமன்தான் இருக்கும். பாசிப்படலத்தின் மேல் ரப்பர் தவளையை இழுத்து விளையாட ஐம்பது, அறுபத்தைந்து பவுண்டு பின்னல்தான் வேண்டும்; மீனோடு இரண்டு கிலோ பாசியும் சேர்ந்து வரும். ஆனால் தெளிந்த நீரில் கயிறுபோல் தெரியும், பாறையில் பட்டால் சட்டென்று அறுந்துவிடும்.

"அப்ப எதுதான் அண்ணே?" என்றார். லேக் ஃபோர்க்கில் கட்டைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் புழு விட, பதினைந்து அல்லது பதினேழு பவுண்டு ஃபுளோரோகார்பன். இன்னொரு ராடில், ஸ்பின்னிங் ரீலில், பத்துப் பவுண்டு பின்னலும் முனையில் ஒரு பாகம் நீளத்துக்கு எட்டுப் பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடரும். தொடங்குகிறவருக்கு இந்த இரண்டே போதும். பன்னிரண்டு பவுண்டு நைலானில் தொடங்கினாலும் தவறில்லை. ஒன்று சொல்கிறேன்: லார்ஜ்மவுத் பாஸ் மீனில் உலக சாதனை 22 பவுண்டு 4 அவுன்ஸ், பத்துக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. ஜார்ஜியா மாநிலத்தின் மாண்ட்கோமரி ஏரியில் 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜ் பெர்ரி பிடித்தது. நைலானே பிறக்காத காலம். 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா அதைச் சமன் செய்தார், அவ்வளவுதான்.

நரம்பின் விலையைவிட அதைப் பார்த்துக்கொள்ளும் கைதான் பெரிது என்பது என் தீர்மானமான கருத்து. பார்க்க வேண்டியதும் நூறு மீட்டரை அல்ல. முள்ளுக்கு மேலே நாலு முழம். கட்டை, பாறை, மீனின் சொரசொரத்த வாய் எல்லாம் உரசுவது அங்கேதான்.

தம்பியின் விரலைப் பிடித்து அந்த நரம்பின்மேல் வைத்தேன். கட்டைவிரல், சுட்டுவிரல் இரண்டுக்கும் நடுவே பிடித்து, முள் பக்கத்திலிருந்து மேலே மெதுவாக உருவ வேண்டும். நல்ல நரம்பு எண்ணெய் தடவியதுபோல் வழுக்கிக்கொண்டு வரும். காயம்பட்ட இடத்தில் அரிசியில் குருணை தட்டுப்படுவதுபோல் விரலுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாததும் தெரியும். "இங்க இருக்கு அண்ணே… இங்கயும்" என்று ஒரே முழத்தில் ஐந்து இடம் காட்டினார். ஒவ்வொரு மீன் ஏறியதும், ஒவ்வொரு முறை கட்டையில் மாட்டி விடுபட்டதும் இப்படித் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு குருணை தட்டினாலும் அதற்கு மேலே வெட்டிவிட்டு மறுபடி கட்ட வேண்டும். ஒரு நிமிட வேலை. மீன் கொத்துகிற நேரத்தில் அந்த ஒரு நிமிடத்துக்கு மனசு வராது. பெரிய மீன் போவதும் அப்போதுதான்.

முடிச்சுக்குப் பாலோமர் ஒன்று தெரிந்தால் போதும். நரம்பை ஒரு சாண் இரட்டையாக மடித்து, மடிப்பை முள்ளின் காதில் நுழைத்து, தளர்வாக ஒரு சாதா முடிச்சுப் போட்டு, மடிப்பின் வளையத்துக்குள் முள்ளை முழுதாக நுழைத்து எடுத்து இறுக்க வேண்டும். இறுக்குவதற்கு முன்னால் எச்சில் தொட்டு ஈரமாக்குங்கள். காய்ந்த நரம்பை இழுத்தால் உரசும் சூட்டில் அது வெந்துவிடும். ஃபுளோரோகார்பன் இதில் இன்னும் மோசம். மெதுவாக, ஒரே சீராக இழுங்கள்.

மீதி எல்லாம் பழக்கம். ஸ்பூலின் விளிம்புக்கு மூன்று மில்லிமீட்டர் கீழே வரைதான் சுற்ற வேண்டும். அதற்கு மேல் போனால் சிக்கு. பின்னலை வெறும் ஸ்பூலில் சுற்றினால் மொத்தமாக வழுக்கிச் சுழலும், அடியில் பத்து மீட்டர் நைலான் கொடுங்கள். ஸ்பின்னிங் ரீலில் எறிந்ததும் கம்பி வளையத்தைக் கையால் மூடுங்கள், முறுக்கு குறையும். ஏற்கெனவே முறுக்கேறியிருந்தால் லூரைக் கழற்றிவிட்டு, ஓடும் படகுக்குப் பின்னால் வெறும் நரம்பை விட்டு இழுத்தால் தானே பிரியும். ரீலின் டிராக் இறுக்கத்தை நரம்பின் வலுவில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வையுங்கள். பன்னிரண்டு பவுண்டு நரம்புக்கு மூன்று, நான்கு பவுண்டு. டெக்ஸஸ் வெயிலில் காருக்குள் ராடைப் போட்டு வைக்காதீர்கள். அடிக்கடி போகிறவர் நைலானை ஒரு பருவத்துக்கு இரண்டு முறையாவது மாற்ற வேண்டும். பின்னல் சில வருடம் வரும். வெளுத்த பிறகு தலைகீழாகத் திருப்பிச் சுற்றினால் அடியில் கிடந்த புது நரம்பு மேலே வரும்.

டீ ஆறிப்போயிருந்தது, இன்னொன்று போட்டேன். அதற்குள் தம்பி கெட்டுப்போன நாலு முழத்தை வெட்டிச் சுருட்டி, "இதை எங்க போடுறது?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்திருந்தது. ஒரு நாளைக்கு நாலு தடவை வெட்டினால் அத்தனையும் எங்கேயோ போயாக வேண்டுமே. ஏரியில் விழுந்த நரம்பு கொக்கின் காலில், ஆமையின் கழுத்தில் சுற்றிக்கொள்கிறது; எளிதில் மக்காது. நிறைய ஏரிகளில் படகுத் துறைக்குப் பக்கத்தில் வளைந்த பிளாஸ்டிக் குழாய்ப் பெட்டி வைத்திருப்பார்கள். நைலானும் ஃபுளோரோகார்பனும் அதில் போகலாம். உருக்கி வேறு பொருளாக்குகிறார்கள். பின்னலைப் போடக்கூடாது, அதைச் சின்னத் துண்டுகளாக நறுக்கிக் குப்பையில் போடுங்கள். சட்டைப்பையில் ஒரு சின்ன ஜிப் பை எப்போதும் இருக்கட்டும். வெட்டும் ஒவ்வொரு முழமும் உங்களோடு வீட்டுக்குத் திரும்பி வரட்டும்.