இளம் வீரரை மேலே ஏற்றுவது எப்போது?

1984 நவம்பர் இறுதியில் பம்பாய் வான்கடே மைதானத்தில் தொடங்கிய டெஸ்டில் இங்கிலாந்தின் 12 விக்கெட்டுகளை ஒருவரே சாய்த்தார். அவருக்கு 19 வயதுகூட நிறையவில்லை. சென்னையின் லெக் ஸ்பின்னர் லட்சுமண் சிவராமகிருஷ்ணன். முதல் இன்னிங்ஸில் 64 ரன்னுக்கு 6, இரண்டாவதில் 117 ரன்னுக்கு 6. அடுத்து டெல்லி டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் மறுபடியும் 6. ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து மெல்பர்னில் பாகிஸ்தானுக்கு எதிரான உலக சாம்பியன்ஷிப் இறுதியில் ஜாவித் மியான்தத்தை கிரீஸை விட்டு இறங்கவைத்து ஸ்டம்பிங் ஆக்கினார். 1986 ஜனவரியில் சிட்னியில் ஆடியதுதான் அவருடைய கடைசி டெஸ்ட். வயது 20. கணக்கில் 9 டெஸ்ட், 26 விக்கெட்.

சிவாவைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ‘சின்னப் பையனை அவசரப்பட்டு இறக்கிவிட்டார்கள்’ என்றுதான் பலரும் முடிப்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 16 வயதில் ரஞ்சி காலிறுதியில் டெல்லிக்கு எதிராக 28 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தவரை எத்தனை நாள் ஜூனியர் ஆட்டங்களில் உட்காரவைக்க முடியும்? 1983 ஏப்ரலில், 17 வயதில், ஆன்டிகுவாவில் முதல் டெஸ்ட் ஆடினார். இரண்டாவது டெஸ்டுக்கு ஒன்றரை ஆண்டு காத்திருந்தார். அதன்பின் ஒரே தொடரில் 23 விக்கெட். மற்ற நான்கு டெஸ்டுகளையும் சேர்த்தால் 3. பந்தின் தாளம் தவறியபோது அவரை அழைத்துப் போய்ச் சரிசெய்ய ஓர் இடம் இல்லை. பெங்களூரில் தேசிய கிரிக்கெட் அகாடமி வந்ததே 2000-இல்தான். மேலே ஏற ஏணி போட்டவர்கள் இறங்கிவர ஒரு படியும் வைக்கவில்லை.

திருநின்றவூரில் இருப்பவர்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. விடியற்காலைப் புறநகர் ரயிலில் கிட் பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு சென்னை மைதானங்களுக்குப் போகும் பிள்ளைகள் இந்தப் பக்கம் நிறைய. காக்களூர் சிட்கோவிலோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ ஷிப்ட் பார்க்கிற அப்பாக்கள் ஓவர்டைம் காசில் பேட் வாங்கித் தருகிறார்கள். தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) 2016-இல் தொடங்கியபோது ஓர் அணிக்கு இந்த மாவட்டத்தின் பெயரே இருந்தது: திருவள்ளூர் வீரன்ஸ். பையன் கொஞ்சம் நன்றாக ஆடினால் போதும், 15 வயதிலேயே பெரியவர்களின் லீக் அணியில் சேர்க்கலாமா என்ற கேள்வி வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

2025 ஏப்ரலுக்குப் பிறகு அந்தக் கேள்விக்கு வேகம் கூடிவிட்டது. பீகாரின் வைபவ் சூர்யவன்ஷி 14 வயதில் ஐ.பி.எல். ஆடி, குஜராத் டைட்டன்ஸுக்கு எதிராக 35 பந்தில் சதம் அடித்தார். சர்வதேச ஆட்டத்துக்குக் குறைந்தது 15 வயது ஆகியிருக்க வேண்டும் என்று ஐ.சி.சி. 2020-இல் விதி கொண்டுவந்திருக்கிறது. ஆனால் வயது ஒரு வேலி மட்டுமே. வேலிக்கு உள்ளே யாரை எப்போது விடுவது என்பதை விதி சொல்லாது.

இந்தக் கேள்வியோடு நூறாண்டுக்கும் மேலாகப் போராடிவரும் ஆட்டம் அமெரிக்காவின் பேஸ்பால். அங்கே ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழே பல படிகளில் துணை அணிகள் உண்டு. கடைசிப் படிக்கு ‘டிரிபிள் ஏ’ என்று பெயர். அதைத் தாண்டினால் மேஜர் லீக். ஓர் இளைஞரை மேலே அழைத்துப் பார்த்து, சரிவரவில்லை என்றால் திரும்பக் கீழே அனுப்ப மூன்று பருவங்கள் வரை அணிக்கு உரிமை உண்டு. மைக் டிரவுட் என்ற வீரரை லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் அணி 2011 ஜூலையில், 19 வயதில் இறக்கியது. 40 ஆட்டங்களில் அவர் அடித்த சராசரி .220, சாதாரணத்துக்கும் கீழே. அடுத்த ஆண்டு டிரிபிள் ஏ-யில் தொடங்கினார். ஏப்ரல் இறுதியில் மறுபடி அழைக்கப்பட்டவர் அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுக வீரர் விருதை ஒருமனதாகப் பெற்றார். கீழே போனதை யாரும் அவமானமாகப் பார்க்கவில்லை, அது அந்த ஊர் நடைமுறை.

அங்கும் எல்லாம் நியாயமாக நடப்பதில்லை. மேஜர் லீக்கில் 172 நாள் இருந்தால் ஓர் ஆண்டு கணக்காகும். அப்படி ஆறு ஆண்டு முடிந்தால் வீரர் விரும்பிய அணிக்குப் போகலாம். எனவே தயாராக இருப்பவரையும் இரண்டு வாரம் கீழே நிறுத்திவைத்தால் அணிக்கு அவருடைய ஓர் ஆண்டு கூடுதலாகக் கிடைக்கும். 2015-இல் சிகாகோ கப்ஸ், கிரிஸ் பிரையன்டை அழைத்த தேதியின்படி அவருக்கு 171 நாளே ஆனது. ஒரே ஒரு நாள் குறைவு. அவர் முறையிட்டார், தோற்றார். 2022-இல் வந்த ஒப்பந்தத்தில், தயாரான இளைஞரைப் பருவத்தின் தொடக்கத்திலேயே ஏற்றும் அணிக்குப் புது வீரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஒன்று கூடுதலாகக் கிடைக்க வழி செய்தார்கள். தாமதமும் அநியாயம்தான் என்று அங்கே விதியே ஒப்புக்கொண்டுவிட்டது.

நம்மூரில் கீழே போய்த் திரும்பிய கதைக்கு வாஷிங்டன் சுந்தர் இருக்கிறார். 18 வயதில், 2017 டிசம்பரில், ஒருநாள் அணியில் வந்தார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் காயப்பட்டோர் பட்டியல் நீண்டுகொண்டே போனதால் வலைப்பயிற்சிக்காக நிறுத்திவைக்கப்பட்டிருந்த அவரை டெஸ்டில் இறக்கினார்கள். அதற்குமுன் மூன்று ஆண்டாக ஒரு முதல்தரப் போட்டிகூட அவர் ஆடியதில்லை. 62 ரன், நான்கு விக்கெட், ஷர்துல் தாக்கூருடன் 123 ரன் கூட்டணி. ஆனாலும் 2021 மார்ச்சுக்குப் பிறகு மூன்றரை ஆண்டு அவருக்கு டெஸ்ட் கிடைக்கவில்லை. இங்கிலாந்து கவுன்டியில் லங்காஷயருக்கு ஆடினார். 2024 அக்டோபரில் ரஞ்சியில் டெல்லிக்கு எதிராக 152 அடித்தார். உடனே புனே டெஸ்டுக்கு அழைப்பு. நியூசிலாந்தின் 11 விக்கெட்டுகளை எடுத்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் ஆட மைதானம் இருந்தது. சிவாவுக்கு இல்லாமல்போனது அதுதான் என்று நினைக்கிறேன்.

அதே பிரிஸ்பேன் டெஸ்டில் அறிமுகமான நடராஜனுக்கு வயது 29. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து வீசியவர், சென்னையில் கீழ் டிவிஷன் லீக்கில் தொடங்கி ரஞ்சிக்கு வந்தார். பந்துவீச்சு முறை மீது புகார் எழுந்தபோது ஒதுங்கிப்போய்த் திருத்திக்கொண்டு திரும்பினார். அஸ்வினுக்கோ முதல்தரப் போட்டிக்கும் முதல் டெஸ்டுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து ஆண்டு. 25 வயதில் தொடங்கி 537 விக்கெட்டில் முடித்தார். பத்தாம் வகுப்புக்குள் பேர் எடுக்கவில்லை என்றால் எல்லாம் போச்சு என்று பதறுகிற பெற்றோருக்கு இந்த இருவரையும் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது.

அப்படியானால் எப்போது ஏற்றலாம்? பையன் இருக்கும் நிலையில் ஆட்டம் அவனுக்குக் கற்றுத்தருவது நின்றுபோனால் ஏற்றிவிடலாம், வயதைப் பார்க்க வேண்டாம். ஆனால் மேலே போனதும் ஆடும் பதினொருவரில் அவனுக்கு இடம் இருக்க வேண்டும். 16 வயதுப் பையனைப் பெரிய கிளப்பில் சேர்த்து, பருவம் முழுக்கத் தண்ணீர் பாட்டில் தூக்கவைப்பது பதவி உயர்வு ஆகாது. நான்கு ஆட்டம் சொதப்பினால் என்ன செய்வோம் என்பதை ஏற்றுவதற்கு முன்பே பயிற்சியாளர் முடிவு செய்து, அதைப் பையனிடமும் வீட்டிலும் சொல்லிவிட வேண்டும். இது சொல்லப்படாததால்தான் கீழே இறக்கும்போது பிள்ளை உடைந்துபோகிறான்.

வேகப்பந்து வீச்சாளருக்கு மட்டும் கூடுதல் நிதானம் தேவை. பேட்ஸ்மேன் தோற்றால் ரன் போகும், வேகப்பந்து வீச்சாளனுக்கு எலும்பே போகும். பாட் கம்மின்ஸ் 2011 நவம்பரில் 18 வயதில் ஜோகன்னஸ்பர்க்கில் அறிமுகமாகி 7 விக்கெட் எடுத்தார். அடுத்த டெஸ்ட் 2017 மார்ச்சில் ராஞ்சியில். முதுகெலும்பில் திரும்பத் திரும்ப விழுந்த விரிசல் ஐந்து ஆண்டுக்கும் மேலான டெஸ்ட் வாழ்வை விழுங்கியது. வளரும் முதுகெலும்பு பெரியவர்களின் ஓவர் கணக்கைத் தாங்காது. அதனால்தான் இங்கிலாந்து வாரியம் சிறுவர்கள் ஒரு ஸ்பெல்லில் எத்தனை ஓவர், ஒரு நாளில் எத்தனை ஓவர் வீசலாம் என்று வயதுவாரியாக வரம்பு வைத்திருக்கிறது. நம் பக்கம் ஒரே பையன் சனிக்கிழமை பள்ளிக்கு வீசுகிறான், ஞாயிறு காலை கிளப்புக்கு வீசுகிறான், மாலை அகாடமி வலையில் மறுபடி வீசுகிறான். மூன்று இடத்திலும் மூன்று பயிற்சியாளர்கள், கணக்கைச் சேர்த்துப் பார்க்க யாருமில்லை. அந்தக் கூட்டல் வீட்டில் நடக்க வேண்டும். கீழ்முதுகில் ஒரு பக்கமாக வலி என்று அவன் சொன்னால் தைலம் தேய்த்து மறுநாள் ஆட்டத்துக்கு அனுப்பாமல், எலும்பு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.