வகுப்பறையில் ஒதுக்கப்படும் பிள்ளை



"பாடசாலைக்குப் போக மாட்டேன்" என்று பிள்ளை அடம்பிடித்தால் காய்ச்சலா, வயிற்று நோவா என்றுதான் முதலில் பார்க்கிறோம். வகுப்பில் தன்னோடு யாரும் கதைப்பதில்லை என்பதைப் பிள்ளை இலகுவில் வெளியே சொல்லாது. அடித்தால் காயம் தெரியும். ஒதுக்கினால் எதுவும் தெரியாது.

ஆலங்குடாவில் இதற்கொரு வரலாறு உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். வந்தவர்களுக்கும் இங்கிருந்தவர்களுக்கும் ஒரே மொழி, ஒரே மார்க்கம். ஆனாலும் தண்ணீருக்கும் தொழிலுக்கும் காணிக்கும் ஏற்பட்ட நெருக்கடியால் பெரியவர்களிடையே மனக்கசப்பு வளர்ந்தது. அது பிள்ளைகளிடமும் தொற்றியது. முகாமிலேயே பிறந்த பிள்ளைக்கும் 'அகதி' என்பது பட்டப்பெயரானது. 2009இல் யுத்தம் முடிந்தபின் சிலர் சொந்த ஊர் திரும்பினர், பலர் இங்கேயே தங்கினர். அந்தச் சொல்லின் வடுவைத் தாய்மாரின் பேச்சில் நான் இன்றும் காண்கிறேன்.

இதில் ஆசிரியர் செய்யக்கூடியது அதிகம். இடைவேளையில் தனியே இருப்பது யார், விளையாட்டில் எவரும் சேர்க்காத பிள்ளை யார் என்று ஒரு வாரம் கவனித்தாலே வகுப்பின் நிலை புரிந்துவிடும். கேலி செய்பவரைப் பிரம்பால் அடித்தால் கேலி நிற்காது, பாடசாலை வாசலுக்கு வெளியே தொடரும். உடற்தண்டனையைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கையும் தடை செய்கிறது. அந்தப் பிள்ளையைத் தனியே அழைத்துப் பேசுவதே நல்லது. பார்த்துச் சிரிப்பவர்களுக்கும் இதில் பங்குண்டு என்பதை வகுப்புக்கு உணர்த்த வேண்டும்.

'ஒற்றுமையாக இருங்கள்' என்ற அறிவுரையால் மட்டும் கூட்டுகள் கலையமாட்டா. அமெரிக்காவின் ஒஸ்ரின் நகரில் கறுப்பின, வெள்ளையின, மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்தபோது சண்டைகள் மூண்டன. 1971இல் உளவியலாளர் எலியட் அரன்சன் அங்கு ஒரு வழி காட்டினார். பிள்ளைகளை ஐந்தாறு பேர் கொண்ட கலப்புக் குழுக்களாக்கி, பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்றாகக் கொடுத்தனர். ஒவ்வொருவரும் தன் பகுதியைப் படித்து மற்றவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். ஒருவரை ஒதுக்கினால் அவரது பகுதி யாருக்கும் கிடைக்காது. நாளடைவில் பகை தணிந்தது, பின்தங்கிய பிள்ளைகளின் புள்ளிகளும் உயர்ந்தன.

இதற்குப் பணம் தேவையில்லை. புத்தளம் களப்பைப் பற்றிய பாடத்தை மீன், உப்பு, கண்டல் மரங்கள், மக்கள் தொழில், மாசு என ஐந்தாகப் பிரித்தால் போதும். குழுக்களை ஆசிரியரே பிரிக்க வேண்டும். பிள்ளைகளிடம் விட்டால் பழைய கூட்டுகளே மீண்டும் சேரும்.

தாய்மாரே, உங்கள் பிள்ளை ஒதுக்கப்பட்டால் மற்றத் தாயோடு சண்டைக்குப் போகாமல் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். கொடுமை எல்லை மீறினால் 1929 என்ற இலக்கத்தில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு அறிவிக்கலாம். உங்கள் பிள்ளை எவரையாவது ஒதுக்குகிறதா என்றும் கேளுங்கள். ஒரு பெயரால் நாம் பட்ட வேதனை நமக்குத் தெரியும். அதை இன்னொரு பிள்ளைக்கு நம் வீட்டிலிருந்து அனுப்பாதிருப்போம்.