கணினி வேலைக்கு 'டிஎஸ்' பட்டம் எதற்கு?

ஜொகூர் பாரு – அண்மையில் கோயில் அன்னதான வரிசையில் ஓர் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "மகன் கூலாய் டேட்டா சென்டர்ல வேலை செய்றான்மா. கூட இருக்கிறவரு பேருக்கு முன்னால டிஎஸ்னு போட்டிருக்காராம். இவனும் பணம் கட்டிப் பதியணுங்கிறான். கட்டலாமா, இல்ல சும்மா பேருக்குத்தானா?"

நல்ல கேள்வி. செடெனாக் தொடங்கி இஸ்கண்டார் புத்ரி வரை தரவு மையங்கள் எழும்பிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், நம் பிள்ளைகள் பலர் அவற்றுக்குள் இரவு வேலை பார்க்கிறார்கள். அவர்களின் வீட்டாருக்கும் பயன்படும் என்பதால் பதிலை இங்கே எழுதுகிறேன்.

'டிஎஸ்' என்பது எம்போட் எனப்படும் மலேசியத் தொழில்நுட்பவியலாளர் வாரியம் வழங்கும் பட்டம். 2015ஆம் ஆண்டு தொழில்நுட்பவியலாளர், தொழில்நுட்பர் சட்டத்தின் கீழ் (சட்டம் 768) அமைந்த வாரியம் இது. அது அங்கீகரிக்கும் 20க்கும் மேற்பட்ட துறைகளில் தகவல் தொழில்நுட்பமும் இணையப் பாதுகாப்பும் அடங்கும். பட்டப்படிப்பு முடித்தவர் முதலில் பட்டதாரித் தொழில்நுட்பவியலாளராகப் பதியலாம். மூன்று ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு மதிப்பீட்டில் தேறினால் 'டிஎஸ்' கிடைக்கும். பட்டப்படிப்பு இல்லாமல் சான்றிதழோ டிப்ளோமாவோ வைத்திருப்பவர்களுக்கு 'டிசி' எனும் சான்றுபெற்ற தொழில்நுட்பர் பாதை தனியாக உள்ளது. அந்த அம்மாவின் மகன் போலிடெக்னிக் மாணவர். அவருக்கு உரியது இந்த இரண்டாவது பாதைதான். நண்பரைப் பார்த்து 'டிஎஸ்' பாரத்தைப் பூர்த்தி செய்தால் பயனில்லை.

பதியாவிட்டால் வேலை போகுமா? போகாது. இதைப் புரிந்துகொள்ள 2011 டிசம்பருக்குப் போக வேண்டும். பொறியாளர்களுக்கு 1967 முதல் பதிவுச் சட்டம் உண்டு. அதைப் போலவே கணினித் துறையினருக்கும் ஒரு வாரியம் அமைக்க அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க அமைச்சு ஒரு சட்ட வரைவைத் தயாரித்தது. வங்கி, மின்சாரம், தொலைத்தொடர்பு போன்ற நாட்டின் முக்கியக் கட்டமைப்புகளுக்குக் கணினிச் சேவை வழங்குவோர் பதிந்தே ஆக வேண்டும் என்றது அந்த வரைவு. செய்தி வெளிவந்ததும் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. கல்லூரிப் படி ஏறாமல் தாமே நிரல் எழுதக் கற்றவர்கள் கதி என்ன? பகுதி நேரமாக வலைத்தளம் செய்து கொடுக்கும் இளைஞர் என்ன செய்வார்? இந்தத் துறையில் திறமைதானே சான்றிதழ் என்று பலரும் கேட்டனர். வரைவு நாடாளுமன்றம் வரை போகவில்லை.

என்னைக் கேட்டால் அந்த எதிர்ப்பு நியாயமானதே. எஸ்பிஎம் முடித்து, கணினி பழுதுபார்க்கும் கடையில் தொடங்கி, நெட்வொர்க் வேலைக்கு வந்த அண்ணன்மார் ஸ்கூடாய் வட்டாரத்திலேயே எத்தனை பேர்! அவர்கள் எல்லாரையும் ஒரே நாளில் வெளியே நிறுத்தியிருக்கும் அது. பின்னர் வந்த எம்போட் சட்டம் அந்த வழியில் போகவில்லை. பதியாதவர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளக்கூடாது என்கிறதே தவிர, கணினி வேலையே செய்யக்கூடாது என்று சொல்லவில்லை.

அப்படியானால் லாபம் என்ன? பட்டத்தைவிட, அதற்காகச் செய்யும் தயாரிப்பே பெரிய லாபம் என்பேன். மதிப்பீட்டுக்குப் போகிறவர் தாம் செய்த வேலையை எழுதிக்காட்டி விளக்க வேண்டும். கூலாயில் ஓர் இளைஞரிடம் "என்ன வேலை, தம்பி?" என்று கேட்டேன். "சும்மா சர்வர் பார்த்துக்கிறேன், அக்கா" என்றார். தூண்டித் துருவிக் கேட்கக் கேட்க ஒரு மணி நேரம் ஓடியது. குளிரூட்டி நின்றுபோன இரவில் எந்த வரிசையில் இயந்திரங்களை நிறுத்தினார், புதியவர்கள் நால்வருக்கு என்ன கற்றுக்கொடுத்தார் என்று எல்லாம் வந்தன. எதுவும் அவருடைய சுயவிவரத்தில் இல்லை. குத்தகையில் இருப்பவர் அவர். ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த நேர்காணலில் பேசப் போவது அந்தத் தாள்தான்.

அந்தச் 'சும்மா'வைத் தமிழ் படித்த நான் ரசிக்கலாம்; சம்பளம் பேசும் மேலாளர் அதை அப்படியே நம்பிவிடுவார்.

தன்னார்வச் சங்கங்களும் உண்டு. 1967இல் உருவான சிங்கப்பூர்க் கணினிச் சங்கம், பாலம் கடந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தச் சந்தையில் ஆள் பழக்கம் தரும். தணிக்கை, பாதுகாப்புப் பக்கம் போக நினைப்பவருக்கு ஐசாக்காவின் 'சிசா' போன்ற சான்றிதழ்கள் சங்க உறுப்பியத்தைவிட விளம்பர வேலைகளில் அதிகம் கேட்கப்படுகின்றன. ஆண்டுக்கு ஒரு கூட்டத்துக்குக்கூடப் போக மாட்டீர்கள் என்றால் சந்தா கட்டுவது வீண். கட்டினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தொழில்முறைத் தகுதியைத் தொடரச் செலுத்தும் சந்தாவை வேலை வருமானத்திலிருந்து கழிக்க வருமான வரி வாரியம் இடம் தருகிறது.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடக்கூடாது. எம்போட் ஆகட்டும், எந்தக் கணினிச் சங்கமாகட்டும், அது தொழிற்சங்கம் அல்ல. சம்பளப் பாக்கிக்கோ ஆட்குறைப்புக்கோ அது முதலாளியிடம் பேசாது. தமிழ்நாட்டில் 2014, 2015 வாக்கில் ஆட்குறைப்பு அச்சம் எழுந்தபோது, கணினி ஊழியர்கள் தொழில்முறைச் சங்கங்களை நம்பி நிற்கவில்லை. தங்களுக்கென்று தனி அமைப்பு கண்டார்கள். ஐடி ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என 2016இல் மாநில அரசு தெளிவுபடுத்தியது.

இங்கே நியாயமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டால், 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி 60 நாள்களுக்குள் தொழிலுறவு இலாகாவில் முறையிட வேண்டும். சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்ட உதவிக்கும் வேலை இழந்த 60 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். "சங்கத்துக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரட்டும்" என்று காத்திருந்தால் இரண்டுமே கைநழுவிப் போகும்.

இவற்றைச் சொல்லி முடித்தபோது அந்த அம்மா கேட்டார்: "சரிம்மா, இப்போ அவன் முதல்ல என்ன செய்யணும்?" இன்றிரவு வேலை முடிந்து வந்ததும் என்ன செய்தான் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள் என்றேன். பணம் அடுத்த மாதம் கட்டலாம்.